பிஸ்கட் பூனையை டின் சாப்பாட்டுக்குப் பழக்குவது

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுன்களில் பூனைச் சாப்பாடு பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான். அடுப்படி மூலையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதில் எந்நேரமும் பிஸ்கட், அதாவது கடையில் விற்கும் உலர்ந்த பூனைத் தீனி. காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகுமுன் கொட்டிவிட்டுப் போனால் மாலை வரை கவலையில்லை. ஒருநாள் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், அல்லது உடம்பு பெருத்துவிடும், டாக்டர் "டின் சாப்பாடு கொடுங்கள்" என்பார். வாங்கிவந்து ஆசையாக வைத்தால், மோந்து பார்க்கும், பக்கத்துத் தரையைக் காலால் இரண்டு பிறாண்டு பிறாண்டும், மலத்தை மூடுவதுபோல. பிறகு காலிப் பிஸ்கட் கிண்ணத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து நம்மைப் பார்க்கும்.

அந்தப் பிறாண்டலைப் பார்த்து டின்னைத் தூக்கிப் போட வேண்டாம். சாப்பாட்டைப் பிறகு பார்ப்போம் என்று மூடி வைக்கும் வழக்கம் பூனைக்கு உண்டு. பசியில்லாத பூனை நல்ல கோழிக்கறி வைத்தாலும் அப்படித்தான் செய்யும். பெரும்பாலான வீடுகளில் டின் தோற்பதற்கும் இதுவே காரணம்: நாளெல்லாம் கொறிக்கிற பூனைக்குப் பசியே வருவதில்லை. அதனால் முதலில் சாப்பிடும் நேரத்தை மாற்றுங்கள், சாப்பாட்டை மாற்றுவது அதற்குப் பிறகு. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்கட்டை ஏன் விடமாட்டேன் என்கிறது?

பிஸ்கட் ஆலையில் வெந்து பொரிந்து வந்தபின் அதன்மேல் கொழுப்பும், பக்குவப்படுத்திய இறைச்சிச் சாறும் தெளிக்கிறார்கள். பூனையை இழுப்பது அந்த மேல்பூச்சுதான். உள்ளே இருக்கும் மாவுக்காக அது வருவதில்லை. இனிப்பு பூனை நாக்குக்குத் தெரியவே தெரியாது. வாசனை, வாயில் படும் தன்மை, சூடு, இந்த மூன்றையும் வைத்துத்தான் இது சாப்பாடு என்று முடிவு செய்கிறது. குட்டியாக இருந்த முதல் சில மாதங்களில் எந்தத் தன்மையில் சாப்பிட்டதோ அதுதான் அதன் மனதில் சாப்பாடு. ஐந்து வருடம் மொறுமொறுப்பாகவே தின்ற பூனைக்கு, கொழகொழவென்று சில்லென்று ஒன்றை வைத்தால் அது சாப்பாடாகவே தெரியாது. குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்து வைப்பது பெரிய தப்பு.

மாற்றத்தான் வேண்டுமா என்றால், கணக்கைப் பாருங்கள். பிஸ்கட்டில் நூற்றுக்குப் பத்து பங்கு தண்ணீர். டின்னில் எழுபத்தைந்து முதல் எண்பது பங்கு. நான்கு கிலோ பூனை ஒரு நாளைக்கு 60 கிராம் பிஸ்கட் சாப்பிட்டால் அதிலிருந்து 6 மில்லி தண்ணீர்தான் கிடைக்கும். அதே அளவு சக்திக்கு டின் சாப்பிட்டால் 200 மில்லி வரை வயிற்றுக்குப் போய்விடும். நம் ஊர் வெயிலில் இது சின்ன வித்தியாசமில்லை. சிறுநீர் அடைப்பு வந்த கடுவன், மலச்சிக்கல் உள்ளது, கிட்னி பலவீனமான கிழட்டுப் பூனை, பெருத்துப்போனது, இவற்றுக்கு மாற்றம் நிச்சயம் பயன்தரும். இளம்பூனை, ஒல்லியாக ஓடியாடுகிறது, தண்ணீரும் நன்றாகக் குடிக்கிறது என்றால் அவசரம் எதுவுமில்லை. பிஸ்கட்டிலேயே நன்றாக வாழ்ந்த பூனைகள் எத்தனையோ உண்டு.

பட்டினி போடக்கூடாது

"ரெண்டு நாள் பட்டினி போடுங்க அண்ணே, தானா சாப்பிடும்" என்று கடையில் ஒருவர் கட்டாயம் சொல்வார். நாய்க்கு எப்படியோ, பூனைக்கு இது ஆபத்து. பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து, கல்லீரல் வேலை செய்யாமல் போகலாம். கண், காது, ஈறு மஞ்சளாகும். குழாய் வழியாக ஊட்டித்தான் காப்பாற்ற வேண்டிவரும். குண்டுப் பூனைக்குத்தான் இது சீக்கிரம் வரும். "இதுக்கு என்ன, உடம்புல கொழுப்பு இருக்கு, தாங்கும்" என்று நினைப்பது நேர் எதிர்.

ஆகவே கெடு 24 மணி நேரம். அதற்குள் எதுவுமே தின்னவில்லை என்றால் பழைய பிஸ்கட்டைக் கொடுத்துவிடுங்கள், தோல்வி என்று நினைக்க வேண்டாம். பிஸ்கட்டையும் தொடவில்லை என்றால் அது அடமில்லை, நோய். டாக்டரிடம் போங்கள். குட்டிக்கு இந்தக் கெடு பன்னிரண்டு மணி நேரம்தான்.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை இன்னும் சில. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பூனை என்றால் டாக்டரைக் கேட்காமல் ஒரு கரண்டி டின்கூடக் கொடுக்காதீர்கள். மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் தேவையும் குறையும், பழைய அளவே போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கி விழும். கடுவன் பூனை அடிக்கடி மண்பெட்டியில் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, அடியை நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் அது அன்றைக்கே மிருக டாக்டரிடம் போகவேண்டிய கேஸ். சுங்கை சிப்புட்டில் டாக்டர் இல்லையென்றால் ஈப்போவுக்குக் கொண்டுபோங்கள். சாப்பாடு மாற்றிச் சரிசெய்யும் கட்டம் அது இல்லை. செம்பனைக் காட்டை ஒட்டிய வீடாக இருந்தால் இன்னொன்று. எலிக்கு வைக்கும் மருந்து பெரும்பாலும் ரத்தம் உறையவிடாமல் செய்வது. மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் பூனைக்கும் ஏறக்கூடும். சாப்பாட்டை ஒதுக்குகிற பூனை சோர்ந்தும் இருந்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் டின்னை மறந்துவிட்டு ஓடுங்கள்.

எதை வாங்குவது

பெரிய டின் 400 கிராம், பௌச் என்கிற சின்ன உறை 80 அல்லது 85 கிராம். பழக்கும் காலத்தில் பௌச்தான் வாங்க வேண்டும். விலை கூடத்தான், ஆனால் தொடாத 400 கிராம் டின்னை மூன்றாம் நாள் வாய்க்காலில் கொட்டுவதைவிட மலிவு.

உறையில் மலாயில் "லெங்காப் டான் செய்ம்பாங்" என்றோ ஆங்கிலத்தில் "கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்" என்றோ (முழுமையான, சமச்சீரான சாப்பாடு என்று பொருள்) இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். "காம்ப்ளிமென்டரி" என்று போட்டிருந்தால் அது தொட்டுக்கொள்ளத்தான், முழுச் சாப்பாடு ஆகாது. வெள்ளை வெளேரென்று டூனா நார் மட்டும் மிதக்கிற, பார்க்க அழகாக இருக்கிற பௌச்சுகளில் பல இந்த வகைதான். பூனைக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும் என்பது வேறு வருத்தம். டோரின் முதலிய சத்துகள் சேர்க்காத சாப்பாட்டிலேயே மாதக்கணக்கில் இருந்தால் இதயமும் கண்ணும் கெடும்.

நாம் சாப்பிடும் தக்காளி சார்டின் டின் கூடாது. உப்பு, மிளகாய், சிலவற்றில் வெங்காயம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். மீன் குழம்பில் மீனை மட்டும் கழுவிக் கொடுக்கிறேன் என்பதும் அதே கதைதான், சாறு மீனுக்குள் இறங்கியிருக்கும்.

ருசி வாங்கும்போது பிஸ்கட் எந்த ருசியோ அதே ருசி. டூனா பிஸ்கட் தின்றால் டூனா பௌச். தன்மையில் மூன்று வகை வாங்கி வையுங்கள்: களிபோல அரைத்தது, குழம்பில் துண்டு, ஜெல்லி. மொறுமொறுப்புக்குப் பழகிய பூனைகள் பல அரைத்ததைத்தான் முதலில் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் அதில்தான் பிஸ்கட் தூள் நன்றாக ஒட்டும். சில பூனைகள் குழம்பை மட்டும் நக்கிவிட்டுத் துண்டை விட்டுவிடும். துண்டை முள்கரண்டியால் மசித்துக் குழம்போடு சேர்த்துவிட்டால் சரியாகும்.

முதல் வாரம்: நேரம் மட்டும்

பூனை உண்மையில் எவ்வளவு தின்கிறது என்று முதலில் தெரியவேண்டும். காலையில் 100 கிராம் நிறுத்துப் போடுங்கள், மறுநாள் அதே நேரம் மீதியை நிறுங்கள். மூன்று நாள் இப்படிப் பார்த்தால் சராசரி கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல் வழியாக வந்து போகிற வீடு என்றால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும், ஆகவே அந்த மூன்று நாள் உள்ளறையில் வையுங்கள்.

60 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இருபது இருபதாக மூன்று வேளை ஆக்குங்கள். பால்மரக்காட்டு வேலை நேரத்துக்கே இது ஒத்துவரும்: விடியற்காலை கிளம்புமுன், மதியம் திரும்பியதும், இரவு ஒன்பது மணிக்கு. வைத்து அரை மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும், மீதி இருந்தாலும்.

முதல் இரண்டு நாள் பூனை கத்தும். விடிகாலை நான்கு மணிக்குக் கத்தும். எழுந்து ஒரு கை பிஸ்கட் போட்டுவிட்டால், நான்கு மணிக்குக் கத்தினால் கிடைக்கும் என்று அது படித்துக்கொள்ளும். அப்புறம் அதை மறக்கடிக்க மாதம் ஆகும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், முக்கியமாகப் பாட்டிக்கு. பாட்டி சாப்பிடும்போது தட்டோரம் வைக்கிற பொரித்த கெம்போங் மீன் துண்டுதான் பல வீடுகளில் முழுத் திட்டத்தையும் கவிழ்த்துவிடுகிறது.

ஒரு வாரத்தில் கிண்ணச் சத்தம் கேட்டதும் ஓடிவருகிற பூனையாக மாறியிருக்கும். அதுவரை டின்னைத் திறக்காதீர்கள். இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

பக்கத்தில் வைப்பது

அடுத்து, தட்டையான சாசரில் ஒரு தேக்கரண்டி டின் சாப்பாடு. பிஸ்கட் கிண்ணத்துக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். குழிக் கிண்ணம் வேண்டாம், மீசை இடித்தால் சில பூனைகளுக்குப் பிடிக்காது. பிஸ்கட்டோடு கலக்கவும் வேண்டாம். எல்லோரும் முதலில் செய்வது கலப்பதுதான். நிறையப் பூனைகள் நம்பிக்கை போய்ப் பிஸ்கட்டையும் சேர்த்து ஒதுக்கிவிடும். அந்த வாசனை பக்கத்திலிருக்கும்போது பிஸ்கட் தின்னப் பழகினாலே இந்தக் கட்டத்துக்குப் போதும். மூன்று நாள், ஐந்து நாள், ஒரு வாரம், பூனையைப் பொறுத்தது.

சூடு பண்ணுவது இப்படி. பௌச்சைத் திறக்காமல் ஒரு குவளை சுடுதண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் போட்டு வையுங்கள். எடுத்துத் துடைத்துக் கசக்கிவிட்டுத் திறங்கள். குழந்தைக்குப் பால் பார்ப்பதுபோல மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. இப்போதுதான் பிடித்த எலியின் உடம்புச்சூடு 37, 38 டிகிரி இருக்கும், வேண்டியது அதுதான். பௌச்சை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், உள்ளே உலோகத் தாள் இருக்கும். டின்னிலிருந்து எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தால்கூட அங்கங்கே மட்டும் கொதிக்கும், நன்றாகக் கலக்கியபின் தொட்டுப் பார்த்தே வையுங்கள். ஒருமுறை நாக்குச் சுட்டுக்கொண்ட பூனை அந்தப் பக்கமே வராது.

தூள்

மாற்றத்தில் பாதி வேலையைச் செய்வது பிஸ்கட் தூள்தான். ஒரு கைப்பிடி பிஸ்கட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி நொறுக்கி, டீ வடிகட்டியில் சலித்துக்கொள்ளுங்கள். நைஸ் தூள் ஒரு டப்பாவில், குருணை ஒரு டப்பாவில். இறுக மூடி வைக்காவிட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு நாளில் நமுத்து வாசனை போய்விடும், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் நொறுக்குங்கள்.

அரைத்த வகை டின்னில் பட்டாணி அளவு உருண்டை பிடித்து, தூளில் புரட்டி, பிஸ்கட்டுக்கு நடுவில் இரண்டே இரண்டு வையுங்கள். வெளியே பிஸ்கட் வாசனை, கடித்தால் மெத்து. முதல் நாள் உருண்டையைச் சுற்றி இருப்பதை மட்டும் பொறுக்கித் தின்னும். இரண்டாம் மூன்றாம் நாளில் தூளை நக்கும். நக்கும்போது கொஞ்சம் மெத்தும் நாக்கில் வரும். அதுதான் கதவு திறக்கிற இடம். உருண்டையைத் தின்ன ஆரம்பித்ததும் இரண்டை நான்காக்குங்கள், பிறகு சாசரில் ஒரு தேக்கரண்டி வைத்து மேலே முழுவதும் தூள் தூவுங்கள். தூளைப் படிப்படியாகக் குறைப்பதில் அவசரம் வேண்டாம், ஆறு மாதம் ஒரு சிட்டிகை தூவினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

தூள் எடுபடாவிட்டால் வேறு தூண்டில்கள் உண்டு. கெம்போங் மீன் தலையை உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் வேகவைத்து, முள் இல்லாமல் வடிகட்டிய சாறு ஒரு தேக்கரண்டி. மிருக டாக்டர் கடைகளில் கிடைக்கும் ஃபோர்ட்டிஃப்ளோரா என்கிற தூள் வயிற்றுக்காகச் செய்தது, ஆனால் பிஸ்கட்டின் மேல் தெளிக்கும் அதே மாதிரி இறைச்சிச் சாறு அதிலும் இருப்பதால் பூனைகள் மயங்கும். 1 கிராம் பாக்கெட்டில் கால் பங்கு போதும். இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு) தூள் என்றால் உப்பு போகும்வரை இரண்டு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துப் பொடித்தது, அதுவும் சிட்டிகை. பெலாச்சான் (இறால் பசை) வேண்டாம், உப்பு மலை. மருந்து மாத்திரையை இந்த டின் சாப்பாட்டில் ஒளித்து வைப்பதும் வேண்டாம். ஒரு கசப்பு போதும், மாத உழைப்பு போய்விடும்.

குறைப்பதும் கூட்டுவதும்

மனதில் வைக்க ஒரு கணக்கு: 85 கிராம் பௌச் ஒன்று சுமாராக 20 கிராம் பிஸ்கட்டுக்குச் சமம். அதாவது நான்கு தேக்கரண்டி டின் சாப்பாடு உள்ளே போனால் 5 கிராம் பிஸ்கட் குறைக்கலாம். பிராண்டுக்குப் பிராண்டு மாறும், உறையில் கலோரி போட்டிருந்தால் அதைப் பாருங்கள். பூனை உண்மையில் தின்றதற்குத்தான் குறைக்க வேண்டும், தட்டில் வைத்ததற்கு இல்லை.

எந்த வேளையில் அதிகப் பசியோ அந்த வேளையை மட்டும் முதலில் மாற்றுங்கள். பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. தூள் தூவிய டின்னை முதலில் வையுங்கள், இருபது நிமிடம். மீதியை எடுத்துவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து அந்த வேளைக்கான பிஸ்கட். உடனே பிஸ்கட்டைக் கொண்டுவந்தால் "இதை ஒதுக்கினால் அது வரும்" என்று பூனை நம்மைப் பழக்கிவிடும். மூன்று நாளுக்கு ஒரு தேக்கரண்டி கூட்டினால் போதும். அந்த வேளைக்கு ஒரு பௌச் முழுவதும் காலியாகிற நிலை வந்தபின் அடுத்த வேளையைத் தொடுங்கள். மூன்று வேளையும் மாறிய பூனைக்கு நாளைக்கு மூன்று பௌச், அல்லது 400 கிராம் டின்னில் மூன்றில் இரண்டு பங்கு.

எடை பார்க்க மனிதர் ஏறும் தராசு உதவாது. 5 கிலோ சமையல் தராசில் ஒரு பேசினை வைத்து, பூஜ்யமாக்கி, பூனையை உட்காரவையுங்கள். வாரம் ஒருமுறை, அதே நேரத்தில். குண்டுப் பூனை வாரத்துக்கு நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு இறங்கலாம், நான்கு கிலோவுக்கு 40 முதல் 80 கிராம். அதற்குமேல் இறங்கினாலும், ஒல்லிப் பூனை கொஞ்சம் இறங்கினாலும், ஒரு படி பின்னால் போய்ப் பிஸ்கட்டைக் கூட்டுங்கள்.

வயிறு இளகினாலும் அதேதான், பின்னால் போய் ஒரு வாரம் நில்லுங்கள். இரண்டு நாளில் நிற்காவிட்டால், அல்லது ரத்தம் தெரிந்தால், டாக்டர். ஐந்து நாள் ஆசையாகத் தின்றுவிட்டு ஆறாம் நாள் திரும்பிக்கொள்ளும் பூனைக்கு உடனே வேறு டின் திறக்காதீர்கள். தூளைக் கூட்டுங்கள், சூட்டைச் சரிபாருங்கள், மறுநாள் ருசியை மாற்றலாம். பழகியபின் இரண்டு மூன்று ருசிகளை மாற்றி மாற்றிக் கொடுத்து வைப்பது நல்லது. கடையில் ஒரு ருசி வராமல் போகிற வாரம் கட்டாயம் வரும்.

இரண்டு பூனை இருந்தால் தனித்தனி அறை. ஒன்றின் தட்டை இன்னொன்று காலி செய்துவிட்டு, "சாப்பிட்டுவிட்டது" என்று நாம் ஏமாறுவது சாதாரணமாக நடக்கிறது.

வெயிலும் எறும்பும்

காலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிற வசதி டின்னில் இல்லை. தகரக்கூரை வீட்டில் அரை மணி நேரத்துக்குமேல் தட்டில் விடக்கூடாது. காய்ந்து மேலே தோல் படிந்ததைப் பூனையும் தொடாது. விடியற்காலை வேளையைப் பூனை பத்து நிமிடத்தில் முடிக்கவில்லையென்றால் அந்த வேளையைப் பிஸ்கட்டாகவே விட்டுவிடுங்கள், அதிலொன்றும் குற்றமில்லை. எறும்புக்குப் பழைய வழிதான்: அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் சாசர். எறும்பு மருந்துச் சாக்பீஸ் கோடு போடாதீர்கள், பூனை மிதித்துக் காலை நக்கும்.

திறந்த டின்னில் மீதி இருப்பதை மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று. எடுத்ததும் சுடுதண்ணீர் ஒரு தேக்கரண்டி கலந்து மசித்தால் சூடும் ஏறும், தண்ணீரும் கூடும்.

மொத்தத்தில் சில பூனைகளுக்கு மூன்று வாரம், சிலவற்றுக்கு மூன்று மாதம், சிலவற்றுக்கு அதற்கும் மேல். பத்து வயது தாண்டிய சில பூனைகள் இரவு ஒரு பௌச்சோடு நின்றுவிடும், அதற்குமேல் ஒரு கரண்டிகூட ஏறாது. அங்கேயே விட்டுவிடலாம். அந்த ஒரு பௌச்சிலேயே அறுபத்தைந்து மில்லி தண்ணீர் உள்ளே போகிறது. மீதிக்கு, பிஸ்கட் கிண்ணத்துக்குத் தள்ளி இரண்டு மூன்று இடத்தில் அகலக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, காலையும் மாலையும் மாற்றுங்கள்.